தாத்தா போன கப்பல் எது?

வாசகர் கேள்வி – பதில்

கடற்படையில் இருந்த தாத்தாக்களைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: என் தாத்தா 1951-ல் நேவியில் சேர்ந்து 1966-ல் ஊர் திரும்பியவர். அவருடைய ட்ரங்குப் பெட்டியில் சர்வீஸ் சர்டிஃபிகேட் கிடைத்தது. ஐ.என்.எஸ். வெந்துருத்தி, ஷிவாஜி, ஆங்ரே, மைசூர், சர்க்கார்ஸ் என்று ஐந்து பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் நேராகத் தேதிகள். ஐந்து கப்பலில் போனவர் என்று குடும்ப மலரில் எழுதலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: எழுதிவிடாதீர்கள். ஐந்தில் மைசூர் மட்டும்தான் கப்பல். மற்ற நான்கும் கரையில் இருக்கும் கடற்படைத் தளங்கள். பிரிட்டிஷ் வழக்கப்படி தளத்துக்கும் கப்பல் பெயர்தான், முன்னால் ஐ.என்.எஸ். (இந்தியக் கடற்படைக் கப்பல்) என்றும் போடுவார்கள். வெந்துருத்தி கொச்சியில்; ஷிவாஜி லோனாவாலாவில்; ஆங்ரே மும்பையில்; சர்க்கார்ஸ் விசாகப்பட்டினத்தில். ஜாம்நகரின் வல்சுரா, மும்பை மலாடின் ஹம்லா, சென்னையின் அடையாறு ஆகியவையும் இதே வகைதான். ஹன்ஸா என்று இருந்தால் தேதியைப் பாருங்கள். கோவாவில் இருக்கும் அந்த விமானத் தளம் 1961-ல் தொடங்கப்பட்டது நம் கோவை சூலூரில். 1964-ல்தான் டபோலிம் போனது.

தளத்தின் பெயர் வந்தாலே கடலுக்குப் போகவில்லை என்றும் முடிவு கட்டக் கூடாது. சிறு படகுகளிலும் துணைக்கலங்களிலும் வேலை பார்த்தவர்களின் பெயர் பெரும்பாலும் தாய்த்தளத்தின் ஏட்டில்தான் இருக்கும்.

உங்கள் தாத்தா எந்தப் பிரிவு என்பதற்கும் அந்தத் தாளிலேயே துப்பு இருக்கிறது. ஷிவாஜி கடற்படையின் எந்திரப் பயிற்சிப் பள்ளி. வல்சுரா மின்சாரப் பிரிவு. ஹம்லா ஸ்டோர்ஸ், கணக்கு, சமையல் சார்ந்த பிரிவு. பணியின் தொடக்கத்திலேயே ஷிவாஜியில் மாதக்கணக்கில் இருந்திருந்தால், பிறகு கப்பலில் அவர் இருந்த இடம் பெரும்பாலும் பாய்லர் அறை அல்லது எஞ்சின் அறை. மேல்தளத்தில் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றதாக வீட்டில் ஒரு கதை இருந்தால் பிரிவுப் பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மைசூர், பிரிட்டனிடம் வாங்கிய நைஜீரியா என்ற க்ரூசர் வகைப் போர்க்கப்பல். 1957 ஆகஸ்டில் நம் கடற்படையில் சேர்ந்து 1985 வரை இருந்தது. கோவா நடவடிக்கையில், 1961 டிசம்பர் 18 அன்று, போர்ச்சுகீசியரிடம் இருந்த அஞ்சிதீவைப் பிடிக்க மைசூரிலிருந்தும் திரிசூல் என்ற போர்க்கப்பலிலிருந்தும் மாலுமிகள் இறங்கினார்கள். ஏழு பேர் உயிரிழந்தார்கள். மைசூருக்கு நேராக இருக்கும் தேதிகளுக்குள் அந்த நாள் வருகிறதா பாருங்கள். வந்தால் “கோவா நடவடிக்கையின்போது ஐ.என்.எஸ். மைசூரில் பணியில் இருந்தார்” என்று துணிந்து எழுதலாம். தீவில் இறங்கினார் என்று எழுத அது போதாது.

இணையத்தில் தேடும்போது ஒரு பொறி உண்டு. கடற்படை பழைய பெயர்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும். இப்போதுள்ள மைசூர் 1999-ல் வந்த வேறு கப்பல். விக்ராந்த் என்றாலும் 1961-ல் வந்தது ஒன்று, 2022-ல் வந்தது இன்னொன்று. தல்வார் என்பது 1946-ல் பம்பாயில் சிக்னல் பள்ளி. பின்னாளில் அதே பெயரில் இரண்டு போர்க்கப்பல்கள். தாத்தா படத்துக்குப் பக்கத்தில் புதுக் கப்பலின் படத்தைப் போட்டு அச்சடித்த மலர்கள் ஏராளம்.

கேள்வி: தாத்தாவின் ஸ்டுடியோ படத்தில் இடது கையில் “வி” வடிவில் மூன்று பட்டைகள் இருக்கின்றன. ராணுவத்தில் இருந்த சித்தப்பா, “அது ஹவில்தார் பட்டை” என்கிறார். சரியா?
– வாசகர், வேலூர்

பதில்: ராணுவச் சட்டையில் என்றால் சித்தப்பா சொல்வது சரி. கடற்படை மாலுமியின் கையில் அந்தப் பட்டைகள் ஆண்டுக்கணக்கில் ஒழுங்காகப் பணியாற்றியதற்கான நன்னடத்தைப் பட்டைகள், அதிகபட்சம் மூன்று. பதவியைச் சொல்வது அவற்றுக்கு மேலே இருக்கும் நங்கூரம். ஒற்றை நங்கூரம் லீடிங் சீமேன், அதாவது ராணுவத்தில் நாயக். குறுக்காக இரண்டு நங்கூரம் பெட்டி ஆபீசர். ஹவில்தாருக்குச் சமம் இவர்தான். மூன்று பட்டை இருந்து நங்கூரமே இல்லை என்றால் பல வருடம் பணியாற்றிய, பதவி உயர்வு வாங்காத மாலுமி.

வலது கையில் இருப்பது தொழில் சின்னம். கப்பல் விசிறி போலத் தெரிந்தால் எஞ்சின் பிரிவு, குறுக்குக் கொடிகள் என்றால் சிக்னல், குறுக்குப் பீரங்கிகள் என்றால் கன்னரி. சின்னங்கள் கை மாறித் தெரிந்தால் தொப்பி நாடாவின் எழுத்தைப் பாருங்கள். அதுவும் தலைகீழாகத் திரும்பியிருந்தால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்திருக்கிறார்கள்.

தேதி தெரியாத படத்துக்குக் காலம் கணிக்கவும் வழி இருக்கிறது. நங்கூரத்தின் மேல் கிரீடம் இருந்தால் 1950-க்கு முந்தையது. அசோகச் சிங்கம் என்றால் பிந்தையது. தொப்பி நாடாவில் கப்பல் பெயர் இல்லாமல், பிரிட்டிஷ் காலத்தில் ஐ.என்.எஸ்.-க்குப் பதிலாக இருந்த எச்.எம்.ஐ.எஸ். மட்டும் இருந்தால் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போர்க் காலம். எதிரிக்குக் கப்பல் பெயர் தெரியக் கூடாதென்று எடுத்துவிட்டார்கள். பின்னணியில் கொடி தெரிந்தால் இன்னும் நல்லது. சிவப்புச் சிலுவையும் மூலையில் யூனியன் ஜாக்கும் இருந்தால் 1950 ஜனவரி 26-க்கு முன். அதே சிலுவையோடு மூலையில் மூவர்ணம் என்றால் அதற்குப் பின். 2001-ல் சிலுவையை எடுத்தார்கள், 2004-ல் திரும்ப வந்தது, 2022 செப்டம்பரில் மறுபடியும் போய் எண்கோணச் சின்னம் வந்தது.

கேள்வி: எங்களிடம் ஒரு தாள்கூட இல்லை. 2015 வெள்ளத்தில் எல்லாம் போய்விட்டது. தாத்தாவின் பணி விவரத்தை எங்கே கேட்பது?
– வாசகி, சென்னை

பதில்: முதலில் அவருடைய சர்வீஸ் நம்பரைக் கண்டுபிடியுங்கள். அது இல்லாமல் எழுதினால் பதில் வருவது கடினம். பென்ஷன் ஆணையான பி.பி.ஓ., முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, கேன்டீன் கார்டு, பாட்டியின் குடும்ப பென்ஷன் பாஸ்புக் என எதிலாவது எண்ணோ, எண்ணுக்கு வழியோ இருக்கும். மெடல் மிஞ்சியிருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள், எண்ணும் பெயரும் பொறித்திருப்பார்கள். தேய்ந்திருந்தால் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் படம் எடுங்கள், எழுத்து நிழலோடு எழும்பித் தெரியும். அவர் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிந்திருந்தால் அங்கும் கேட்கலாம்.

மாலுமிகளின் ஆவணங்களுக்கு மும்பை மான்கூர்டு, சீட்டா கேம்ப்பில் உள்ள பீரோ ஆஃப் செய்லர்ஸுக்கு எழுத வேண்டும். அதிகாரிகளுடையவை என்றால் டெல்லி கடற்படைத் தலைமையகம். நீலகிரி வெலிங்டனுக்கு எழுதிவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு, அது தரைப்படை.

கடிதத்தோடு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், உங்கள் அடையாள அட்டை ஆகியவற்றின் நகல்களை வையுங்கள். “எல்லா விவரமும் வேண்டும்” என்று எழுதாதீர்கள். சேர்ந்த தேதி, விடுவிக்கப்பட்ட தேதி, பணியாற்றிய கப்பல்களும் தளங்களும் தேதியோடு, கடைசிப் பதவி, பெற்ற மெடல்கள் என்று வரிசையாகக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்தில் மனு போடவும் வழி உண்டு. ஆனால் தனிநபர் தகவல் என்று மறுக்க இடமிருப்பதால், வாரிசு என்ற முறையில் நேரடியாகக் கேட்பதே எங்கள் யோசனை.

பெரும்பாலும் சிக்கல் வருவது பெயரில். நம் இனிஷியல் அங்கே முழுப்பெயராக விரிந்திருக்கும். அப்பா பெயர் முன்னால் போயிருக்கும். சேர்க்கும் இடத்தில் எழுதியவர் காதில் விழுந்தபடி எழுத்து மாறியிருக்கும். தெரிந்த எல்லா வடிவங்களையும், ஊர், தாலுகாவின் அந்தக் காலப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். 1947-க்கு முன் சேர்ந்தவர் என்றால் ஆவணத்தில் கராச்சி வரும். பகதூர், ஹிமாலயா, சமக் என்ற பயிற்சித் தளங்கள் அங்கேதான் இருந்தன.

இன்னொன்று. தாத்தாவிடம் சி.டி.சி. என்ற புத்தகம் இருந்ததாக யாராவது சொன்னால் அது வணிகக் கப்பலில் வேலை பார்ப்பவர்களின் பணிப் புத்தகம், கடற்படையுடையது அல்ல. அந்தத் தேடல் கப்பல் போக்குவரத்துத் துறைப் பக்கம் போக வேண்டும்.

கேள்வி: தாத்தா 1946-ல் கடற்படையிலிருந்து வெளியேறினார். அந்த ஆண்டு மாலுமிகள் நடத்திய கடற்படைப் புரட்சியில் கலந்துகொண்டவர் என்று வீட்டில் சொல்வார்கள். எப்படி உறுதி செய்வது?
– வாசகர், மதுரை

பதில்: 1946 என்ற ஆண்டு மட்டும் சான்றாகாது. போர் முடிந்ததும் ஆயிரக்கணக்கான மாலுமிகளை வீட்டுக்கு அனுப்பிய காலமும் அதுதான். விடுவித்த காரணத்தை எந்தச் சொல்லில் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். “ரிலீஸ்” என்றால் பெரும்பாலும் ஆட்குறைப்பு. “டிஸ்மிஸ்” என்றிருந்து, தேதி புரட்சி தொடங்கிய பிப்ரவரி 18-க்குப் பின் சில மாதங்களுக்குள் வந்து, அன்று அவர் இருந்த இடம் பம்பாய் தல்வாராகவோ கராச்சியில் நின்ற ஹிந்துஸ்தான் கப்பலாகவோ இருந்தால் வீட்டுக் கதைக்கு வலு இருக்கிறது. சென்னை அடையாறு தளத்திலும் வேலைநிறுத்தம் நடந்தது. மத்திய அரசின் தியாகி பென்ஷன் திட்டம் இந்தப் புரட்சியை விடுதலைப் போராட்டமாக ஏற்றிருக்கிறது. ஆனால் பேரப்பிள்ளைகளுக்கு அதில் உரிமை கிடையாது.

கேள்வி: மெடல்கள் கறுத்துவிட்டன. புளி போட்டுத் தேய்க்கலாமா? ஃப்ரேமுக்குள் இருக்கும் படமும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது.
– வாசகி, தூத்துக்குடி

பதில்: புளி, பிராஸோ, பற்பசை எதுவும் வேண்டாம். ஒவ்வொரு தேய்ப்பிலும் விளிம்பில் உள்ள பெயர் கொஞ்சம் கரையும். பெயர் போனால் அந்த மெடல் யாருடையது என்று சொல்ல ஒன்றும் இல்லை. மெல்லிய பருத்தித் துணியால் தூசியை ஒற்றி எடுத்தால் போதும். ரிப்பனில் குத்தியிருக்கும் ஊசியைக் கழற்றுங்கள், துரு அங்கிருந்துதான் இறங்கும். பிளாஸ்டிக் கவரில் வைத்தால் பச்சை பூக்கும். கஞ்சி போடாத பருத்திப் பையில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். உங்கள் ஊர் உப்புக் காற்றுக்குப் பொட்டலத்தை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.

உள்ளே வைக்குமுன் எவை எவை என்று எழுதிக்கொள்ளுங்கள். சமர் சேவா ஸ்டாரும் ரக்ஷா மெடலும் 1965 போருக்கானவை. 1971 போரில் கிழக்கு முனையில் இருந்தவருக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனைக்குப் பஸ்சிமி ஸ்டார். சுதந்திர வெள்ளிவிழா மெடல் இருந்தால் 1972-ல் பணியில் இருந்தார் என்று பொருள்.

கண்ணாடியில் ஒட்டிய படத்தை இழுக்காதீர்கள். ஈரத்தில் இளகிய மேற்பூச்சு கண்ணாடியோடு காய்ந்துவிட்டது. இழுத்தால் முகம் கண்ணாடியில் நின்றுவிடும். கண்ணாடியோடு சேர்த்தே 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள், பாஸ்போர்ட் அளவு என்றால் 1200. கோப்பு டிஃப் வகையில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படமாக அல்ல, டாக்குமென்டாக அனுப்புங்கள். இல்லையென்றால் தொப்பி நாடாவின் எழுத்து மங்கிப் படிக்க வராது.

கேள்வி: நினைவஞ்சலி விளம்பரத்தில் தாத்தாவை “கேப்டன்” என்று போடலாமா? லெப்டினன்டாக ஓய்வு பெற்றார். அது ராணுவ கேப்டனுக்குச் சமம் என்கிறார்கள்.
– வாசகர், கும்பகோணம்

பதில்: சமம்தான், ஆனாலும் போடக் கூடாது. கடற்படையில் கேப்டன் என்பவர் ராணுவக் கர்னலுக்குச் சமமானவர். “லெப்டினன்ட், இந்தியக் கடற்படை, ஓய்வு” என்று போடுங்கள்.