64 கேமராவுக்கு எந்த கம்ப்யூட்டர் வாங்குவது? ஹார்டு டிஸ்க்கிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்

கேள்வி: ஆத்தூர் ரோட்டில் சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரி. எடை மேடை, அரவை, காயப்போடும் களம், குடோன் எல்லாம் சேர்த்து 64 ஐபி கேமரா, எல்லாமே 4 மெகாபிக்சல். 30 நாள் பதிவு இருக்க வேண்டும். ஐ9 பிராசஸர், 64 ஜிபி ரேம், 12 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 8 டிபி டிஸ்க் இரண்டு என்று கொட்டேஷன் வந்திருக்கிறது. வாங்கலாமா?

பதில்:

வாங்காதீர்கள். அந்த கம்ப்யூட்டரில் உங்கள் பதிவு ஆறாவது நாளே அழியத் தொடங்கிவிடும். சேலத்தில் இப்படித்தான் கொட்டேஷன் போடுகிறார்கள்: பிராசஸர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும், டிஸ்க் கணக்கு எங்கேயும் இருக்காது. பார்க்கவே ஆத்திரமாக வருகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 4 மெகாபிக்சல், எச்.265 முறையில் சுருக்கம், நொடிக்கு 15 ஃபிரேம் என்றால் ஒரு கேமராவுக்கு 4 எம்பிபிஎஸ் (நொடிக்கு 4 மெகாபிட்) வைத்துக்கொள்ளலாம். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் அது நொடிக்கு அரை எம்பி (மெகாபைட்), ஒரு நாளைக்கு 43 ஜிபி. 64 கேமராவுக்கு நாளொன்றுக்கு 2.76 டிபி. 30 நாளைக்கு 83 டிபி. கொட்டேஷனில் இருப்பது 16 டிபி.

"அசைவு இருந்தால் மட்டும் பதிவு என்று வைத்தால் பாதியாகிவிடுமே" என்று யாராவது சொல்வார்கள். ஆபீஸ் அறைக்கு அது சரி. உங்கள் களத்தில் பகல் முழுக்க ஆட்கள் கிளறிக்கொண்டிருப்பார்கள், ராத்திரி காற்றுக்குத் தார்ப்பாய் படபடக்கும். கேமராவுக்கு அது அத்தனையும் அசைவுதான். முழுப் பதிவுக்கே கணக்கு வையுங்கள். பிட்ரேட்டுக்கு, அதாவது கேமரா நொடிக்கு அனுப்பும் டேட்டா அளவுக்கு, உச்ச வரம்பும் போட்டுவிடுங்கள். இருட்டில் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும், அதைச் சுருக்க முடியாமல் பிட்ரேட் ஏறும். ஏற்காட்டில் எஸ்டேட்டுக்குக் கேமரா போடுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பனிமூட்டத்தில் ஐஆர் வெளிச்சம் (இருட்டில் பார்க்கக் கேமரா அடிக்கும் அகச்சிவப்பு வெளிச்சம்) பட்டுத் திரும்பி, படம் முழுக்க அசைவதுபோல் ஆகிவிடும்.

இனி டிஸ்க். 16 டிபி எட்டு வாங்கி ரெய்டு 6 போடுங்கள். எல்லா டிஸ்க்கையும் ஒன்றாகச் சேர்த்து, இரண்டு கெட்டாலும் பதிவு போகாதபடி எழுதும் முறை அது. இரண்டு டிஸ்க் அளவு பாதுகாப்புக்குப் போக 96 டிபி மிஞ்சும், 83-க்கு மேல் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கும். ஒரு டிஸ்க் கெட்டால் மட்டுமே தாங்கும் ரெய்டு 5 போதும் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு டிஸ்க் போய்ப் புதியது மாட்டினால், நொடிக்கு 200 எம்பி வேகத்தில் எழுதினாலே 16 டிபி நிரம்ப 22 மணி நேரம் ஆகும். பதிவும் கூடவே ஓடுவதால் நிஜத்தில் இரண்டு மூன்று நாள் இழுக்கும். எல்லா டிஸ்க்கையும் ஒரே நாளில் வாங்கியிருப்பீர்கள், ஒரே சூட்டில் ஓடியிருக்கும். அந்த நேரம் பார்த்து இன்னொன்று போனால் ரெய்டு 5-ல் மொத்தமும் போய்விடும்.

டிஸ்க் ரகத்தையும் பார்க்க வேண்டும். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் 24 மணி நேர வேலைக்குச் செய்ததில்லை. கண்காணிப்புக்கென்றே வரும் டபிள்யூடி பர்பிள், சீகேட் ஸ்கைஹாக் ஆகியவற்றின் ஆண்டு வேலை வரம்பு, அதாவது ஒரு டிஸ்க்கில் வருடத்துக்கு எழுதிப் படிக்கலாம் என்று கம்பெனி சொல்லும் அளவு, 180 டிபி. உங்கள் கணக்கில் வருடத்துக்கு 1,009 டிபி எழுதப்படும். ரெய்டு 6 பாதுகாப்புக்காகக் கூடுதலாக எழுதுவதையும் சேர்த்தால் டிஸ்க்குக்கு 168 டிபி. பழைய பதிவைப் பார்ப்பதும் இந்த வரம்பில்தான் சேரும், ஆக 180 பத்தாது. 550 டிபி வரம்புள்ள பர்பிள் ப்ரோ அல்லது ஸ்கைஹாக் ஏஐ எடுங்கள். ஒன்பதாவதாக ஒன்று வாங்கிப் பீரோவில் வையுங்கள். ரெய்டுக்குத் தனி கன்ட்ரோலர் கார்டு, அதன் கேஷ் நினைவகத்துக்கு (டிஸ்க்கில் எழுதும் முன் டேட்டா தங்கும் இடம்) மின்தடைப் பாதுகாப்புடன் இருக்கட்டும்.

விண்டோஸும் மென்பொருளின் டேட்டாபேஸும் தனியாக 500 ஜிபி எஸ்எஸ்டியில் இருக்க வேண்டும். பதிவு டிரைவை 64 கேபி பிளாக்கில் ஃபார்மட் செய்யுங்கள். ஆன்டிவைரஸ் அந்த ஃபோல்டரைத் தொடாமல் விலக்கு கொடுங்கள். இதை மறந்தால் ஒவ்வொரு ஃபைலாகச் சோதித்துப் பதிவில் இடைவெளி விழும்.

பிராசஸருக்கு இப்போதுதான் வருகிறேன், ஏனென்றால் அதற்கு வேலை குறைவு. படத்தைச் சுருக்குவது கேமரா. சர்வர், அதாவது பதிவு செய்யும் கம்ப்யூட்டர், வந்ததை அப்படியே டிஸ்க்கில் எழுதுகிறது, அவ்வளவுதான். 64 கேமராவும் சேர்ந்து நொடிக்கு 32 எம்பி. அதற்கு ஐ5, 16 ஜிபி ரேம் போதும். மென்பொருள் மறுபடி சுருக்காமல் நேரடியாக எழுதும்படி வைத்திருக்க வேண்டும், அசைவைக் கண்டுபிடிப்பதையும் கேமராவிடமே விட்டுவிட வேண்டும்.

கம்ப்யூட்டர் திணறுவது திரையில் காட்டும்போதுதான். 64 கேமராவையும் முழு அளவில் ஒரே நேரம் விரித்தால், 60 ஃபிரேம் 4கே வீடியோ ஏழு ஓடுவதற்குச் சமம். பெரும்பாலான கேமராக்கள் 640×360 போன்ற அளவில் சின்ன ஸ்ட்ரீம் ஒன்றும் தரும். கட்டம் கட்டமாகப் பார்க்க அதை வையுங்கள், கிளிக் செய்தால் மட்டும் பெரிய ஸ்ட்ரீம் வரட்டும். சுமை ஒரு 4கே வீடியோவில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். பார்க்கிற கம்ப்யூட்டர் தனி, பதிவு சர்வர் தனி என்று பிரித்துவிடுங்கள். பார்ப்பதற்கு உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள இன்டெல் ஐ5 வாங்குங்கள். பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் அதில் கிராபிக்ஸ் கிடையாது, இன்டெலின் ஜியான் சர்வர் பிராசஸர்களிலும் பலவற்றில் கிடையாது. விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

என்விஆர் (கேமரா பதிவுக்கென்றே வரும் பெட்டி) விற்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். 64 சேனல், எட்டு டிஸ்க், ரெய்டு 6 உள்ள நல்ல என்விஆர் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். ஆனால் '64 சேனல்' என்பதை மட்டும் பார்க்காமல் உள்வரும் வேகம் 256 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். பின்னால் கேமரா கூட்டுவதாக இருந்தால், வண்டி நம்பர் படிக்கும் மென்பொருள் சேர்ப்பதாக இருந்தால் சர்வர்தான் வசதி.

மின்சாரத்தில்தான் சேகோ ஆலைகள் அதிகம் அடி வாங்குகின்றன. அரவை மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் ஒரு கணம் இறங்கும், அந்தக் கணத்தில் கேமராக்கள் ரீபூட் ஆகும். ஆன்லைன் யுபிஎஸ் 2 கேவிஏ போடுங்கள். சர்வர் மட்டுமல்ல, நெட்வொர்க் கேபிளிலேயே கேமராவுக்குக் கரண்டும் தரும் பிஓஇ சுவிட்ச்களும் அதிலேயே இருக்க வேண்டும். 24 போர்ட் சுவிட்ச் மூன்று தேவைப்படும். போர்ட் எண்ணிக்கையோடு மொத்த வாட்டையும் கேளுங்கள். ராத்திரி ஐஆர் எரியும்போது ஒரு கேமரா 12 வாட் இழுத்தால் 22 கேமராவுக்கு 264 வாட். 190 வாட் சுவிட்ச் பகலெல்லாம் ஒழுங்காக ஓடும், இருட்டியதும் கேமரா ஒவ்வொன்றாக விழும். கேமரா கெட்டுப்போச்சு என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

கேபிள் சுத்தச் செம்பாக இருக்கட்டும். செம்பு பூசிய அலுமினியம் வேண்டவே வேண்டாம். 90 மீட்டருக்கு மேல் போகிற களத்துக்கும் குடோனுக்கும் ஃபைபர் இழுங்கள், இடி மின்னலும் அதன் வழியே சர்வருக்கு வராது. சர்வரை மாவுத்தூள் பறக்கும் பக்கம் வைக்காதீர்கள். கதவு மூடிய அறை, ஏசி, வாரம் ஒருமுறை ஃபில்டர் சுத்தம். சித்திரை வெயிலிலும் டிஸ்க் சூடு 45 டிகிரியைத் தாண்டக் கூடாது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அட்மின் பாஸ்வேர்டு உங்கள் கையில் இருக்க வேண்டும். காசு கொடுத்த முதலாளிக்கே பாஸ்வேர்டு தராமல், டைம் மாற்றக்கூட ஆயிரம் ரூபாய் கேட்கிறவர்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். சர்வரிலேயே என்டிபி (நேரத்தைச் சரியாக வைக்கும் சேவை) ஓடவிட்டு எல்லாக் கேமராவும் அதனிடம் நேரம் கேட்கும்படி செய்யுங்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ம் பிரிவுப்படி, பதிவைக் கோர்ட்டில் கொடுக்கச் சான்றிதழும் ஹேஷ் மதிப்பும் (ஃபைல் மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) வேண்டும். நேரம் தப்பாக ஓடினால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் பிடிப்பார்.

பாக்கிப் பணம் கொடுப்பதற்கு முன் அவர்கள் எதிரிலேயே மூன்று சோதனை. பதிவு ஓடும்போதே ஒரு டிஸ்க்கை உருவுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு மெயின் கரண்டை அணைத்து அரை மணி நேரம் விடுங்கள். பிறகு எடை மேடை கேமராவில் அந்த அரை மணி நேரத்தைப் போட்டு, லாரி நம்பர் படிக்க வருகிறதா என்று பாருங்கள். ஜெனரேட்டர் எத்தனை கேவிஏ, களம் எவ்வளவு தூரம் என்று கமெண்டில் போட்டால் யுபிஎஸ், ஃபைபர் கணக்கையும் போட்டுத் தருகிறேன்.