தலையீற்றுப் பன்றியின் குட்டிகளுக்கு மட்டும் கழிச்சல் அதிகம் வருவது ஏன்?

ஒரே கொட்டில், ஒரே தீவனம். மூன்றாம், நான்காம் ஈற்றுப் பன்றிகளின் குட்டிகள் நன்றாக இருக்கின்றன, தலையீற்றுக் குட்டிகள் மட்டும் பிறந்த 2, 3 நாளில் கழிகின்றன என்கிறீர்கள். அப்படியென்றால் தீவனத்தை மாற்றிப் பயனில்லை. தாய் எத்தனை ஈற்று கண்டது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பன்றியின் நஞ்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்புப் புரதம் குட்டிக்குப் போகாது. பிறந்தபின் சீம்பாலில் கிடைப்பதுதான். தாயின் உடல் முன்பே சந்தித்த கிருமிக்குத்தான் சீம்பாலில் எதிர்ப்பு இருக்கும். நாலைந்து ஈற்று கண்ட பன்றிக்கு உங்கள் பண்ணையின் ஈ.கோலை (கழிச்சல் உண்டாக்கும் குடல் பாக்டீரியா) வகைகள் பழகிப்போயிருக்கும். தலையீற்றுக்கு அந்தப் பழக்கம் குறைவு. குடல் பாக்டீரியாவும் அப்படியே. ஒவ்வொரு சினையிலும், பால் கொடுக்கும் காலத்திலும் அதன் கலவை மாறுகிறது. நார் செரிக்கும் திறன் வயதான பன்றிக்குக் கூடுதல். குட்டியோ பிறப்புவழியிலிருந்தும் காம்புத் தோலிலிருந்தும் தரையில் கிடக்கும் தாயின் சாணத்திலிருந்தும் பாக்டீரியாவை எடுத்துக்கொள்கிறது. தலையீற்றுக் குட்டி எடையும் குறைவாகப் பிறப்பதால் சீக்கிரம் குளிரில் சுருண்டு, பாலுக்கான போட்டியில் பின்தங்கும்.

எனவே வேலை ஈனுவதற்கு முன்பே தொடங்க வேண்டும். வெளியிலிருந்து வாங்கிய இளம் பன்றியை, நோய் இருக்கிறதா என்று தனியே வைத்துப் பார்க்கும் காலம் முடிந்ததும், இணைசேர்க்க 6 வாரம் முன்பாவது பழைய பன்றிகளின் பக்கத்துக் கொட்டிலில் விடுங்கள். ஈ.கோலை தடுப்பூசி தலையீற்றுக்கு இரண்டு தவணை: பொதுவாக ஈனுவதற்கு 5 வாரமும் 2 வாரமும் முன்பு. பழைய பன்றிக்குப் போடும் ஒற்றை ஊசியையே இதற்கும் போட்டுவிட்டு ‘ஊசி வேலை செய்யவில்லை’ என்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

கிருமி பழகட்டும் என்று பழைய பன்றியின் சாணத்தைச் சினைப் பன்றிக்குத் தின்னக் கொடுக்கும் வழக்கம் சில பண்ணைகளில் உண்டு. கால்நடை மருத்துவர் சொல்லாமல் இதில் இறங்காதீர்கள்; குடற்புழுவும் சால்மோனெல்லா என்ற நோய்க் கிருமியும் சேர்ந்தே போகும்.

ஈன்றபின் முதல் 6 மணி நேரம்தான் முக்கியம். 24 மணி நேரத்துக்குள் குடல் மூடிக்கொள்ளும், அப்புறம் எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் சேராது. குட்டிக்குக் குறைந்தது 200 கிராம் சீம்பால் தேவை. வயிறு நிறைந்த பெரிய குட்டிகளை ஒன்றரை மணி நேரம் சூடான பெட்டியில் அடைத்து, சின்னவற்றை மட்டும் குடிக்க விடுங்கள். படுக்கும் இடம் 32 முதல் 34 டிகிரி. வேறு தாயிடம் மாற்றுவதானால் சொந்தத் தாயின் சீம்பாலைக் குடித்தபிறகே. சீம்பாலிலுள்ள எதிர்ப்புச் செல்களைக் குட்டி சொந்தத் தாயிடமிருந்து மட்டுமே ஏற்கும்.

பிறந்ததுமே எல்லாக் குட்டிக்கும் ஆன்டிபயாடிக் போடாதீர்கள், குடியேறவேண்டிய நல்ல பாக்டீரியாவும் அதில் அடிபடும். கழிச்சல் 7 நாளுக்குப் பிறகு மஞ்சளாகத் தொடங்கினால் ஈற்றுக் கணக்கை விட்டுவிட்டு காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று சாணத்தைப் பரிசோதிக்கக் கொடுங்கள்.