இலை டிசைன் ஏன் அகலமாயிட்டே போகுது?

கேள்வி: அக்கா, நான் குடியாத்தம். எங்க வீட்ல கைத்தறி லுங்கி நெய்றாங்க, கட்டம் போட்டு டிசைன் வரையறது எனக்குப் பழக்கம்தான். அண்ணியோட குழந்தைக்கு காட்டன் நூல்ல ஊசிப் பின்னல் (ரெண்டு ஊசியில பின்னற நிட்டிங்) போர்வை போடறேன், ஓட்டை ஓட்டையா வர்ற இலை டிசைன நானே கிராஃப் பேப்பர்ல வரைஞ்சேன். ஆனா பின்னப் பின்ன அகலமாயிட்டே போகுது, இலையோட ரெண்டு ஓரமும் ஒரே மாதிரி வரல. என்ன பண்ணட்டும்?

பதில்: சொந்தமா டிசைன் வரையறீங்கன்னு படிச்சதுமே அவ்ளோ சந்தோஷம் தங்கச்சி! தறியில நீளவாக்குல ஓடற பாவு இழை எத்தனையோ கடைசி வரைக்கும் அத்தனைதான், பின்னல்ல அப்படி இல்ல, ஓட்டைக்காக ஊசிமேல நூல ஒரு சுத்து சுத்தறீங்களே அது அடுத்த வரிசையில ஒரு புது கண்ணியாயிடும் (கண்ணின்னா ஊசியில நிக்கற நூல் வளையம்). அதனால ஒவ்வொரு சுத்துக்கும் எங்கயாவது ஒரு கண்ணிய குறைச்சே ஆகணும், பெரும்பாலும் அதே வரிசையில. எங்க குறைக்கறீங்கங்கறதுலதான் டிசைனே இருக்கு. ஓட்டைக்குப் பக்கத்துலயே குறைச்சா கோடு மாதிரி வரும், தள்ளி குறைச்சா நடுவுல இருக்கற கண்ணிங்க எல்லாம் சாயும், இலை நரம்பு மாதிரி அழகா இருக்கும், எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்.

ஓரம் ஏன் ஒத்துப்போகலன்னா, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி குறைச்சிருப்பீங்க. ரெண்டு கண்ணிய அப்படியே சேர்த்து நிட் (சாதாரண நேர் பின்னல்) போட்டா அது வலது பக்கம் சாயும். இடது பக்கம் சாய, ரெண்டையும் நிட் போடற மாதிரி ஊசிய விட்டு ஒண்ணொண்ணா பின்னாம வலது ஊசிக்கு மாத்திட்டு, இடது ஊசிய அதுங்களோட முன்பக்கமா நுழைச்சு சேர்த்து பின்னுங்க. மேல குறுகற இலைக்கு வலது ஓரத்துல இடது சாய்வு, இடது ஓரத்துல வலது சாய்வு. நுனியில 3 கண்ணி மிஞ்சும்போது முதல் ரெண்டையும் சேர்த்தாப்ல நிட் போடற மாதிரி ஊசிய விட்டு, பின்னாம வலது ஊசிக்கு மாத்தி, மூணாவத பின்னி, அந்த ரெண்டையும் அதுமேல தூக்கி இறக்கிடுங்க, நடுக்கண்ணி நிமிர்ந்து நிக்கும். இதுல 2 கண்ணி குறையுது, கணக்குல மறக்காதீங்க.

இன்னொண்ணு, கண்ணி அகலம் ஜாஸ்தி உயரம் கம்மி, சதுரக் கட்டத்துல வரைஞ்சா இலை குட்டையாயிடும். 10 செ.மீ. சாம்பிள் பின்னி எண்ணிப் பாருங்க, 20 கண்ணி 28 வரிசைன்னு வந்தா 5 கண்ணி அகலமும் 7 வரிசை உயரமும் சமம், அந்தக் கணக்குல திருப்பி வரைங்க. குழந்தை விரல் மாட்டும், அதனால ஓட்டைய சின்னதாவே வைங்க.