ட்ரூமனின் துணிக்கடைக் கூட்டாளி: கேள்வி பதில்

1948 மே 14 அன்று இஸ்ரேல் என்ற நாடு உருவான 11 நிமிடங்களில் அமெரிக்கா அதை அங்கீகரித்தது. அதிபர் ஹாரி ட்ரூமனை அந்த முடிவுக்குக் கொண்டுவந்தது யார் என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

கேள்வி: பழைய நண்பர் ஒருவர் போய்க் கேட்டதால்தான் ட்ரூமன் இறங்கி வந்தார் என்கிறார்களே, நிஜமா சார்?

பாதி நிஜம். நண்பர் பெயர் எடி ஜேக்கப்சன். முதல் உலகப்போர்ச் சமயம் ராணுவ முகாமில் இருவரும் சேர்ந்து கேன்டீன் நடத்தினார்கள். 1919இல் கான்சாஸ் சிட்டியில் ஆண்களுக்கான துணிக்கடை போட்டார்கள். 1922இல் கடை மூழ்கியது, நட்பு மூழ்கவில்லை.

யூதத் தலைவர் சைம் வைஸ்மனைச் சந்திக்கும்படி ட்ரூமனைக் கேட்க, 1948 மார்ச் 13 அன்று ஜேக்கப்சன் முன் அனுமதி வாங்காமலே வெள்ளை மாளிகைக்குப் போனார். பாலஸ்தீனப் பேச்சை எடுக்காதீர்கள் என்று வாசலிலேயே எச்சரித்தார்கள். எடுத்தார். ட்ரூமன் எரிந்து விழுந்தார். மேசையருகே பழைய அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனின் சிறு சிலை இருந்தது. ஜேக்கப்சன் அதைக் காட்டி, "உனக்கு அவர் நாயகன் என்றால் எனக்கு வைஸ்மன். வயதானவர், உடம்பு முடியாதவர், உன்னைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்" என்றார். ட்ரூமன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "மொட்டைத் தலையா, நீ ஜெயிச்சிட்டே" என்றாராம். ஜேக்கப்சன் சொன்ன கதை இது. நடுவில் இருந்த வசவை விட்டுவிட்டேன்.

மார்ச் 18 அன்று வைஸ்மனைக் கிழக்கு வாசல் வழியாக ரகசியமாக அழைத்துப் போனார்கள். மறுநாளே ஐ.நா.வில் அமெரிக்கத் தூதர், பாலஸ்தீனத்தை யூத நாடு, அரபு நாடு என்று பிரிக்கும் திட்டத்தைத் தள்ளிவைத்து, அதை ஐ.நா. பொறுப்பில் விடலாம் என்று பேசிவிட்டார்! வைஸ்மனிடம் ஆதரவு சொல்லியிருந்த என்னைப் பொய்யனாக்கிவிட்டார்கள் என்று ட்ரூமன் குறிப்பெழுதி வைத்தார். நட்பால் கதவு திறந்தது, அவ்வளவுதான். உள்ளே நடந்தது வேறு கணக்கு.

கேள்வி: யூத நாட்டை ஆதரிக்கச் சொல்லி ட்ரூமனுக்குக் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தனவே, அவற்றுக்குப் பலனே இல்லையா?

உடனடிப் பலன் நேர்மாறாக இருந்தது. நச்சரிப்பு தாங்காமல்தான், யூதர்களுக்குத் தனி நாடு கேட்ட சியோனிசத் தலைவர்கள் யாரையும் பார்க்கமாட்டேன் என்று கதவைச் சாத்தியிருந்தார். கூட்டத்தின் சத்தம் அவரை முரண்டு பிடிக்க வைத்தது, அதனாலேயே ஜேக்கப்சன் தேவைப்பட்டார். ஆனால் அகதிகள்மீது அவருக்கு முன்பே இரக்கம் இருந்தது. ஒரு லட்சம் யூத அகதிகளைப் பாலஸ்தீனத்தில் அனுமதியுங்கள் என்று 1945லேயே பிரிட்டனைக் கேட்டவர் அவர்.

கேள்வி: எதிர்த்துப் பேச யாருமே இல்லையா?

ஏன் இல்லை, ஜார்ஜ் மார்ஷல் இருந்தாரே. ட்ரூமன் மிக மதித்த வெளியுறவுச் செயலர். மே 12 கூட்டத்தில், ஆலோசகர் கிளார்க் கிளிஃபர்ட் உடனடி அங்கீகாரத்துக்கு வாதாடினார். இது தேர்தல் கணக்கு என்று மார்ஷல் கொதித்தார். அந்த யோசனைப்படி நீங்கள் நடந்து, நான் ஓட்டுப் போடுவதாகவும் இருந்தால், உங்களுக்கு எதிராகத்தான் போடுவேன் என்று அதிபரின் முகத்துக்கு நேரே சொன்னார். இரண்டே நாளில் அங்கீகாரம் வந்தது. மார்ஷல் ராஜினாமா செய்யவில்லை, வெளியில் எதிர்க்கவும் இல்லை.

கேள்வி: யூத ஓட்டுகள் கைகொடுத்தனவா?

யூதர்கள் நிறைந்த நியூயார்க் மாநிலத்தில் அவர் தோற்றார். ஆனாலும் தேர்தலில் ஜெயித்தார்.

கேள்வி: அரபு மக்களுக்காகப் பேச அவருக்கு நண்பர் யாரும் இல்லையா?

எனக்குத் தெரிந்து ஜேக்கப்சன் போல ஒருவர் இல்லை. அரபுகள், யூதர்கள் இரு தரப்பையும் கேட்காமல் முடிவெடுக்க மாட்டோம் என்று 1945இல் முந்தைய அதிபர் ரூஸ்வெல்ட் சவூதி மன்னருக்கு எழுதிய கடிதம் கோப்பில் இருந்தது. கோப்பிலேயே இருந்தது. தன் வாக்காளர்களில் லட்சக்கணக்கான அரபுகள் இல்லை என்று ட்ரூமன் சொன்னதாக, சவூதியில் அமெரிக்கத் தூதராக இருந்த வில்லியம் எடி எழுதியிருக்கிறார். இஸ்ரேல் உருவானதையொட்டி நடந்த போரில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனியர்கள் வீடிழந்தார்கள்.

கேள்வி: ஜேக்கப்சனுக்குப் பதவி ஏதாவது கிடைத்ததா?

இல்லை. கான்சாஸ் சிட்டியில் மறுபடி ஒரு துணிக்கடை வைத்திருந்தார். 1955இல் இறந்தார்.