பி.எம். கிசான் தவணை: 'செலுத்தப்பட்டது' என்கிறது, பாஸ்புக்கில் இல்லை

வணக்கம். விவசாயிகளுக்கான மத்திய அரசின் பி.எம். கிசான் உதவித்தொகையில், உங்கள் அப்பாவின் 2,000 ரூபாய் தவணை இணையத்தில் 'செலுத்தப்பட்டது' என்று காட்டியும், பாஸ்புக்கில் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பதற வேண்டாம். பணம் பெரும்பாலும் வேறொரு கணக்கில் கிடக்கும்.

இந்தத் தொகை ஆதார் வழியாக அனுப்பப்படுகிறது. திட்டத்தில் பதிந்தபோது கொடுத்த கணக்கு எண் எதுவாக இருந்தாலும், அவருடைய ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு மானியத்துக்காக இணைக்கப்பட்டதோ அங்கேதான் போய்ச் சேரும். சிம் கார்டு வாங்கும்போது விரல் ரேகை வைத்த இடத்திலேயே கைபேசி நிறுவனத்தின் பேமெண்ட்ஸ் வங்கியில் ஒரு கணக்கும் திறக்கப்பட்டது தெரியாமலே பலர் இருக்கிறார்கள். அப்பாவிடம் அதை நிதானமாகக் கேட்டுப் பாருங்கள்.

ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைத் திறந்து, ஓ.டி.பி. கொடுத்தால் வங்கியின் பெயர் தெரியும். அந்த வங்கியில் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். பிறகு உங்கள் வழக்கமான வங்கியில், அரசு மானியம் இனி இந்தக் கணக்கிலேயே வர வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். வெறுமனே 'ஆதாரைச் சேர்த்துவிட்டோம்' என்றால் விடாதீர்கள், என்.பி.சி.ஐ. (வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தைக் கையாளும் தேசிய அமைப்பு) இணைப்பு மாறியதா என்று கேளுங்கள். கே.ஒய்.சி.க்காக, அதாவது அடையாளச் சரிபார்ப்புக்காக ஆதார் கொடுப்பது வேறு, இது வேறு.

ஆதாரில் பழைய கைபேசி எண் இருந்தால் ஓ.டி.பி. வராது, முதலில் அதை மாற்றுங்கள். இடைத்தரகர் யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உதவி எண் 155261.