மல்டிபீம் சோனாரில் எடுத்த கடலடியின் ஓரங்கள் வளைந்து தெரிவது ஏன்? எப்படிச் சரிசெய்வது?

மல்டிபீம் சோனார், படகிலிருந்து விசிறிபோல் பல ஒலிக் கற்றைகளைக் கீழே அனுப்பி ஆழத்தை அளக்கும் கருவி. தட்டையான மணல் தரை என்று தெரிந்த இடத்திலும் ஒவ்வொரு லைனின் (படகு ஒருமுறை நேராக ஓடி அளந்த பட்டையின்) இரண்டு ஓரமும் மேலே எழும்பியோ கீழே தொங்கியோ வந்தால், பெரும்பாலும் சோனார்மேல் குற்றமில்லை. தண்ணீரில் ஒலி போகும் வேகத்தைத்தான் மென்பொருளுக்குத் தப்பாகக் கொடுத்திருப்பீர்கள்.

எதையும் மாற்றுவதற்கு முன் வளைவின் வடிவத்தைப் பாருங்கள். இரு ஓரமும் ஒரே அளவு வளைந்து, படகுக்கு நேர் கீழே ஆழம் ஏறக்குறைய சரியாக இருந்தால் ஒலிவேகப் பிழை. ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்து, சாய்த்து வைத்த பலகைபோல் நேராக இருந்தால் ரோல் கோணம் (பக்கவாட்டுச் சாய்வு) தவறு. அதே லைனை எதிர்த்திசையில் ஓட்டினால் சாய்வும் பக்கம் மாறும். படகின் போக்குக்குக் குறுக்கே வரிவரியாக மடிப்புகள் விழுந்தால், படகின் ஆட்டத்தை அளக்கும் மோஷன் சென்சாரின் நேரத் தாமதத்தையோ, அந்த சென்சாருக்கும் சோனார் ஹெட்டுக்கும் (ஒலியை அனுப்பி வாங்கும் பகுதிக்கும்) இடையே அளந்த தூரத்தையோ சந்தேகப்படுங்கள்.

கடல்நீரில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1500 மீட்டர். நீர் ஒரு டிகிரி சூடானால் அது ஏறத்தாழ 3 மீட்டர் கூடும். உப்பும் அழுத்தமும் கூடினாலும் ஏறும். அடுக்குக்கு அடுக்கு வேகம் மாறுவதால் சாய்வாகப் போகும் கற்றை வழியில் வளைகிறது. நேராக இறங்கும் கற்றை வளைவதில்லை. ஓரம் மட்டும் கெட்டுப்போவது இதனால்தான்.

ஒலிவேக புரோபை (ஒவ்வோர் ஆழத்திலும் ஒலிவேகத்தை அளக்கும் கருவியை) இறக்கும்போது அவசரப்படாதீர்கள். மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே ஒரு நிமிடமாவது நிறுத்தி, அது நீரின் வெப்பநிலைக்கு வந்த பிறகு தரை தொடும் அளவுக்கு இறக்குங்கள். காலையில் ஒருமுறை எடுத்துவிட்டு நாள் முழுவதும் அதையே ஓட்டுவது கெட்ட பழக்கம். மதிய வெயிலில் மேலடுக்கு சூடாகிவிடும். ஆற்று முகத்துவாரத்திலோ சில நூறு மீட்டருக்குள் எல்லாமே மாறும். ஹெட்டில் இருக்கும் ஒலிவேக சென்சார் காட்டும் வேகம், புரொஃபைலில் (புரோப் தந்த ஆழவாரியான வேகப் பட்டியலில்) அதே ஆழத்தில் உள்ள மதிப்பிலிருந்து நொடிக்கு 2 மீட்டருக்குமேல் விலகினால் மறுபடி இறக்குங்கள்.

அந்த ஹெட் சென்சாரையும் சுத்தமாக வைத்திருங்கள். தட்டையான ஹெட்டில் கற்றையின் திசையைத் தீர்மானிப்பதே அது தரும் எண்தான். பாசி படிந்து நொடிக்கு 5 மீட்டர் தவறினால், 60 டிகிரிக் கற்றை ஏறத்தாழ 0.3 டிகிரி விலகும். பதிவான கோணமே தவறு என்பதால், பிறகு புரொஃபைலை மட்டும் மாற்றினால் தீராது.

ஒலிவேகம் சரியான பிறகுதான் பேட்ச் டெஸ்ட், அதாவது ஹெட் பொருத்தப்பட்ட கோணங்களிலும் நேரத் தாமதத்திலும் உள்ள பிழையைக் கண்டுபிடிக்கும் சோதனை ஓட்டம். வரிசையை மாற்றினால் ஒலிவேகப் பிழை ரோல், பிட்ச் (முன்பின் சாய்வு) எண்களுக்குள் ஒளிந்துகொள்ளும். ரோலுக்கு, தட்டையான தரையில் ஒரே லைனை இரு திசையிலும் ஓட்டுங்கள். பிட்சுக்கும் அப்படியே, ஆனால் சரிவான தரைமேல், ஒரே வேகத்தில். நேரத் தாமதத்துக்கு அதே சரிவில், ஒரே திசையில், இரண்டு வேகம். யாவுக்கு (இடவலத் திருப்பத்துக்கு) இரண்டு இணை லைன்கள், நடுவே ஒரு பாறையோ மூழ்கிய கப்பலின் சிதைவோ இருக்க வேண்டும். நான்கிலும் ரோலுக்குத்தான் அதிகப் பொறுமை தேவை: 50 மீட்டர் ஆழத்தில் வெறும் 0.1 டிகிரி தவறினாலே 60 டிகிரிக் கற்றையில் ஆழம் 15 சென்டிமீட்டர் பிசகும்.

வளைந்த ஓரங்களை வெட்டிவிட்டால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். இருபுறமும் சேர்த்து 120 டிகிரி திறந்தால் ஆழத்தைப்போல் சுமார் 3.5 மடங்கு அகலம் கிடைக்கும். 90 டிகிரிக்குச் சுருக்கினால் 2 மடங்குதான். லைன் இடைவெளியைப் பழைய அகலத்துக்குப் போட்டிருந்தால் நடுவில் இடைவெளி விழும். அதைவிட, முதன்மை லைன்களுக்குக் குறுக்கே ஒரு செக் லைன் ஓட்டி, அதன் நேர்கீழ்க் கற்றைகளின் ஆழத்தை மற்ற லைன்களின் ஓரக் கற்றைகளோடு கழித்துப் பாருங்கள். அலையேற்றத் திருத்தத்தை (கடல்மட்டம் ஏறி இறங்குவதற்கான திருத்தத்தை) இரண்டுக்கும் போட்ட பிறகும் வித்தியாசம் ஓரத்தை நோக்கி வளர்ந்துகொண்டே போனால், அடுத்த லைனைத் தொடங்காமல் புரோபை இறக்குங்கள்.