இணையவழி உயர்கல்வி: இந்தியா ஒரு வழி, இலங்கை ஒரு வழி

கேள்வி: மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் ஒரு பாடம் படித்தால் அந்த கிரெடிட்டை (பட்டத்துக்குக் கணக்கிடப்படும் அலகை) கல்லூரியிலேயே சேர்த்துக்கொள்வார்கள் என்கிறாள் என் மகள். யாழ்ப்பாணத்தில் படித்து முடித்த உறவினர் மகனோ, கொரோனா காலத்தில் டேட்டா செலவில்லாமலே வகுப்புகளைக் கவனித்ததாகச் சொல்கிறான். இவற்றில் எது மேலான வழி?

– வாசகர், திருச்சி

பதில்: இரு நாடுகளும் வெவ்வேறு குறைகளிலிருந்து தொடங்கியதால் வழிகளும் வேறுபட்டன. 40,000-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் உள்ள இந்தியாவில், எல்லாப் பாடங்களுக்கும் தேர்ந்த ஆசிரியர் எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை. ஆகவே ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் இணைந்து என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் திட்டம் மூலம் பாடங்களைக் காணொளிகளாக்கின. 2017-இல் ஸ்வயம் வந்தது. பாடங்களைப் பொதுவில் வைத்ததை விடவும், அவற்றுக்குப் பட்டப்படிப்பில் இடம் கொடுத்ததையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021-ஆம் ஆண்டு விதி இடமளிக்கிறது. பாடம் இலவசம், தேர்வுக்குக் கட்டணம் கட்டி, மையத்துக்கு நேரில் சென்று, கண்காணிப்பாளர் முன்னிலையில் எழுத வேண்டும். அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு இருப்பது இதனால்தான்.

இலங்கையின் அரசுப் பல்கலைக்கழகங்கள் எண்ணிக்கையில் குறைவு. 'லேர்ன்' என்ற கல்வி, ஆய்வு வலையமைப்பு அவற்றை ஏற்கெனவே இணைத்திருந்தது. 2020-இல் வளாகங்கள் மூடப்பட்டபோது அதன் வழியாகவே ஜூம் வகுப்புகள் நடந்தன; பல்கலைக்கழக சர்வர்களைப் பயன்படுத்தும் மாணவருக்குத் தொலைபேசி நிறுவனங்கள் டேட்டா கட்டணம் விதிக்கவில்லை. மாதத்துக்கு ஒருமுறை ரீசார்ஜ் செய்யவே யோசிக்கும் வீட்டில், இந்த ஒரு முடிவு படிப்பைக் காப்பாற்றியிருக்கும். ஆயினும் விரிவுரையாளர் யூடியூப் இணைப்பு ஒன்றை அனுப்பிவிட்டால், அதைப் பார்க்கும் செலவு மாணவருடையது. 2022-இன் பொருளாதார நெருக்கடியில் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றது. மின்சாரம் இல்லாத வீட்டில் இலவச டேட்டா எதற்கு உதவும்?

நெருக்கடி வேளையில் மாணவரின் செலவை முதலில் நினைத்த இலங்கையின் முடிவையே நான் மேலாகக் கருதுகிறேன்; பட்டத்தோடு சேரும் நிலையான பயனில் இந்தியாவின் ஏற்பாடு முன்னே நிற்கிறது. ஸ்வயம் பாடங்களையும் டேட்டா கட்டணமின்றிப் பார்க்க வழிசெய்தால், கிராமத்து மாணவருக்கு அது பேருதவியாக இருக்கும்.

உங்கள் மகள் ஒன்றை மட்டும் கவனிக்கட்டும். விதி இருந்தாலும், எந்தெந்தப் பாடங்களை ஏற்பது என்பதை அவரவர் பல்கலைக்கழகமும் கல்லூரியுமே முடிவு செய்கின்றன. எனவே தேர்வுக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே, அந்தப் பாடம் ஏற்கப்படும் என்று துறைத் தலைவரிடம் எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது.